ரீட்ராவில் பணம் எடுத்து காரவன் வாங்கலாமா?

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறோம். நான் நர்ஸ், வாரத்தில் மூன்று நாள் வேலை. கணவர் ஐடி நிறுவனத்தில் 10 ஆண்டுகளாக இருக்கிறார், சம்பளம் 1,20,000 டாலர். குழந்தைகளுக்கு வயது 9, 6. ஓராண்டு வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான காரவனில், அவுட்பேக் என்கிற வறண்ட உள்நாட்டுப் பகுதி முழுக்கச் சுற்ற ஆசை. எங்கள் பிராடோ கார் 3,000 கிலோ வரை இழுக்கும். வீட்டுக் கடன் பாக்கி 4,60,000 டாலர், மாதத் தவணை 3,000. ஆஃப்செட் கணக்கில் (கடனோடு இணைத்த சேமிப்புக் கணக்கு, அதில் இருக்கும் தொகை அளவுக்குக் கடன் வட்டி குறையும்) 1,10,000 இருக்கிறது. கடனுக்குக் கூடுதலாகக் கட்டியதில் 90,000-ஐ ரீட்ராவில், அதாவது கட்டியதைத் திரும்ப எடுக்கும் வசதியில், எடுக்கலாம். அதில் புது காரவன் வாங்கி, வீட்டை வாடகைக்கு விட்டு ஜூலையில் கிளம்பலாம் என்கிறார் கணவர். சரிப்பட்டு வருமா?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வயது வாய்க்காது. ஆனால் திட்டத்தில் இரண்டை மாற்றச் சொல்வேன்: காரவனுக்கான பணம் வரும் இடம், கிளம்பும் மாதம்.

ரீட்ராவைத் தொடாதீர்கள். 90,000 டாலரை 6 சதவீத வட்டிக்கு 25 ஆண்டுக் கடனில் சேர்த்தால், கட்டி முடிக்கும்போது சுமார் 1,74,000 ஆகியிருக்கும். அதைவிட முக்கியம் வரி. வீடு வாடகையில் இருக்கும் காலத்துக்கு, கடன் வட்டியை வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரீட்ராவில் எடுப்பதை வரித்துறை புதுக் கடனாகத்தான் பார்க்கும். காரவனுக்காக எடுத்த பங்கின் வட்டியைக் கழிக்க விடாது. ஆஃப்செட்டில் கிடப்பது உங்கள் சொந்தச் சேமிப்பு. அதை எடுத்து எதை வாங்கினாலும் கடன் வீட்டுக்கான கடனாகவே இருக்கும், கூடுகிற வட்டியையும் கழிக்கலாம். வங்கிச் செயலியில் இரண்டும் ஒன்று போலத் தெரிவதால் நிறையப் பேர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

அப்புறம், ஜூலை வேண்டாம், ஜனவரியில் கிளம்புங்கள். நிதியாண்டு ஜூன் 30-ல் முடிகிறது. ஜூலையில் கிளம்பினால் ஒரு நிதியாண்டு முழுக்கச் சம்பளம், அடுத்த ஆண்டு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஜனவரியில் கிளம்பினால் சம்பளம் இரண்டு ஆண்டுகளிலும் பிரிந்து விழும், குறைந்த வரி விகிதம் இரண்டு முறை கிடைக்கும். 2025–26 விகிதத்தில், லாங் சர்வீஸ் லீவ் (நீண்ட காலம் வேலை பார்த்ததற்குக் கிடைக்கும் சம்பள விடுப்பு) சம்பளத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். கணவருக்கு மட்டும் சுமார் 3,000 டாலர் மிச்சம். உங்கள் சம்பளத்திலும் கொஞ்சம் மிஞ்சும். பள்ளி ஆண்டும் ஜனவரி கடைசியில்தான் தொடங்குகிறது, ஆக குழந்தைகளுக்கு இரண்டு வகுப்புகள் பாதி பாதியாக விட்டுப் போகாது. வானிலையும் இதற்குத்தான் ஒத்துவரும். கோடையைத் தெற்குக் கரையோரம் கழித்துவிட்டு, ஏப்ரலில் ஃபிளிண்டர்ஸ் மலை, மே மாதம் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டார்வின், கிம்பர்லி என்று போனால் வடக்கின் மழைக்காலத்தில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். ஜூலையில் கிளம்பினால் நவம்பரில் வடக்கே வெக்கையும் மழையும் பிடித்துக்கொள்ளும்.

இனி கணக்கு. விக்டோரியா சட்டப்படி 10 ஆண்டு வேலைக்கு லாங் சர்வீஸ் லீவ் எட்டரை வாரத்துக்குக் கொஞ்சம் மேல். அரைச் சம்பளத்தில் கேட்டால் 17 வாரமாக நீளும். வரி போகக் கைக்கு 13,500 வரும் என்று வையுங்கள். செலவில், 45,000-க்கு நான்கைந்து வயதுள்ள சின்னக் காரவன். வாரம் 600 வாடகை வந்தாலும், ஏஜென்ட், கவுன்சில் வரி, காப்பீடு எல்லாம் போகத் தவணைக்கு ஆண்டுக்கு 12,000 குறையும். பயணச் செலவு வாரம் 1,200 என்றால் 62,000. இதில் டீசலும் அடக்கம்: 25,000 கிலோமீட்டர், நூற்றுக்கு 18 லிட்டர், லிட்டர் 2.20 என்று போட்டால் 10,000 டாலரை ஒட்டி வரும். மொத்தம் 1,19,000. லீவ் சம்பளம் போக ஆஃப்செட்டிலிருந்து 1,05,500 போய்விடும். திரும்பி வரும்போது கையில் 4,500. இரண்டு குழந்தைகளோடு அது போதாது. குறைந்தது 15,000 இருக்க வேண்டும் என்பேன்.

அந்த இடைவெளியை நிரப்ப உங்கள் வேலையே கைகொடுக்கும். நர்ஸ் பதிவு நாடு முழுக்கச் செல்லும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கேத்ரின், புரூம் போன்ற ஊர்களில் சில வாரக் குறுகிய ஒப்பந்தங்களுக்கு நர்ஸ்களை எடுக்கிறார்கள், சில இடங்களில் தங்குமிடமும் தருவார்கள். வழியில் ஒரே ஒரு ஒப்பந்தம் போதும். குழந்தைகளும் ஓரிடத்தில் நின்று மூச்சு விடுவார்கள். நார்தர்ன் டெரிட்டரியில் குழந்தைகளுக்குச் சிகிச்சை தர ஓக்கர் கார்டு (குழந்தைகளோடு வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) வேண்டும், கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

சின்னக் காரவனைச் சொல்வது விலைக்காக மட்டும் அல்ல. காலி எடையைப் பார்த்து வாங்காதீர்கள், தகட்டில் உள்ள ஏடிஎம் அளவை, அதாவது சாமானோடு சேர்த்துக் காரவனுக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையைப் பாருங்கள். 95 லிட்டர் தொட்டி இரண்டை நிரப்பினாலே 190 கிலோ. எடை மீறிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். மண் சாலைக்கும் பாலிசி செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதை 2 டாலர் கட்டி பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் பார்த்துவிடலாம்.

வீட்டுக்கு லேண்ட்லார்ட் காப்பீடு எடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். விக்டோரியாவில் வாடகைக்கு விட்டால் நிலவரி வரக்கூடும், மாநில வருவாய் அலுவலகத்தில் முன்பே கேளுங்கள். அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர் ஆம்புலன்ஸ் செலவைத் தராது, அதனால் ஆம்புலன்ஸ் விக்டோரியா குடும்பச் சந்தா அவசியம். சூப்பர் என்ற ஓய்வூதியச் சேமிப்பில் 16 மாதம் தொடர்ந்து பணம் வராவிட்டால் அதிலுள்ள காப்பீடு ரத்தாகும். நீங்கள் 12 மாதத்தில் வந்துவிடுவீர்கள், பயணத்தை நீட்டினால் மட்டும் இதை நினைவில் வையுங்கள். படிப்புக்கு, தொலைவிலிருந்து படிக்கும் அரசுப் பள்ளியான விர்ச்சுவல் ஸ்கூல் விக்டோரியா பற்றிப் பள்ளி முதல்வரிடம் இந்தப் பருவத்திலேயே பேசுங்கள்.

முதல் வேலையாக, மீதி மாதங்களுக்குச் சம்பளமில்லா விடுப்பும், திரும்பி வந்ததும் அதே வேலையும் உண்டு என்று கணவரின் நிறுவனத்திடம் கடிதம் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை எந்தக் காரவனுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.