ஜான் லாக்கும் ஒரு கைப்பிடி உப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அரசியல் கோட்பாட்டுப் பகுதியில் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் வருகிறார். உயிர், சுதந்திரம், சொத்து ஆகியவை இயற்கை உரிமைகள். ஆளப்படுபவர்களின் சம்மதத்தால் அமைவதே அரசு. இங்கிலாந்தில் மன்னரை நீக்கிய 1688ஆம் ஆண்டுப் புரட்சியை நியாயப்படுத்த நூல் எழுதியவர். என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான். சென்ற வாரம் ஒரு காணொளியில், அவர் அடிமை வியாபாரக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார் என்று கேட்டேன். அப்படியானால் அவர் போலிதானே? அவரை ஏன் இன்னும் படிக்க வேண்டும்? ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரில் யார் பெரியவர் என்றும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

தேர்வு சம்பந்தமான கடிதங்களுக்கு நான் வழக்கமாகப் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்தபோது லாக்கின் மனித அறிவு பற்றிய பெரிய நூல் என் மேசையில் திறந்து கிடந்தது. இரண்டு வாரமாக அதில்தான் குடியிருக்கிறேன். அதனால் தப்பித்தீர்கள்.

மூவரில் யார் பெரியவர் என்பது பட்டிமன்றத் தலைப்பு. நடுவரிடம் கேளுங்கள்.

பங்கு விஷயம் உண்மை. 1672இல் அரச சாசனம் பெற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் பணம் போட்டிருந்தார். அமெரிக்காவில் இருந்த கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராகவும் இருந்தார். அந்தக் குடியேற்றத்துக்காக 1669இல் எழுதப்பட்ட சாசனத்தில், ஒவ்வொரு சுதந்திர மனிதனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள் மீது முழு அதிகாரம் உண்டு என்று ஒரு விதி இருக்கிறது. அதில் லாக்கின் கை எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் அவருக்கு வக்கீலாக வரவில்லை. அரசு பற்றிய அவருடைய நூல் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? அடிமைத்தனம் அவ்வளவு கேவலமானது, ஓர் ஆங்கிலேயன், அதிலும் ஒரு கனவான், அதற்குப் பரிந்து பேசுவான் என்று எண்ணவே முடியாது என்று தொடங்குகிறது. அதை எழுதிய கைதான் அந்தக் கம்பெனிக்குப் பணமும் எண்ணிக் கொடுத்தது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். லாக்கை ஒரு பக்கமாவது படித்தீர்களா? குறிப்பேடு சொன்னது, கும்பிட்டீர்கள். காணொளி சொன்னது, காறித் துப்பினீர்கள். நடுவில் உங்கள் கண் எங்கே போயிருந்தது?

குறிப்பேட்டின் லட்சணத்தையும் பாருங்கள். புரட்சியை நியாயப்படுத்த எழுதினாராம். வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட் 1960இல் கொண்டுவந்த பதிப்பிலேயே, அந்த நூலின் பெரும்பகுதி புரட்சிக்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று காட்டிவிட்டார். அதாவது பிடிபட்டால் கழுத்துப் போகும் காலத்தில். 1683இல் ஆல்ஜெர்னன் சிட்னி என்பவர் மீது ராஜத்துரோக வழக்கு. இரண்டு சாட்சி வேண்டும், இருந்தது ஒருவர். சிட்னி வீட்டில் கிடைத்த, அச்சேறாத அவருடைய கையெழுத்துப் பிரதியை இரண்டாவது சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். எழுதுவதும் ஒரு செயல்தான் என்றார் நீதிபதி. டிசம்பரில் தலையை வெட்டினார்கள். லாக் அதே ஆண்டில் ஹாலந்துக்குத் தப்பிப் போய்விட்டார். 1689இல் திரும்பி வந்து நூலை வெளியிட்டபோதும் பெயர் போடவில்லை. படிக்க நல்ல நூல்கள் எவை என்று ஒரு பாதிரியார் கேட்டதற்கு, 1703இல், சொத்துரிமைக்குத் தன் நூலையே யாரோ எழுதியதுபோலப் பரிந்துரைத்திருக்கிறார் கிழவர். நான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டது 1704இல், உயிலின் பிற்சேர்க்கையில். அந்த ஆண்டே இறந்தும் போனார்.

நான் சொல்ல வந்தது இதுவும் இல்லை. உங்கள் பாடத்திட்டம் லாக்கை இரண்டு கூறாக வெட்டி வைத்திருக்கிறது. அரசு பற்றிப் பேசும் லாக் ஒரு தாளில், அறிவு பற்றிப் பேசும் லாக் வேறொரு தாளில். இரண்டு நூலும் 1689ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அடுத்தடுத்து வந்தவை. அறிவு பற்றிய நூலைப் படிக்காதவனுக்கு மற்றது வெறும் கோஷம்.

மனம் எழுதப்படாத வெள்ளைத்தாள் என்பதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதைவிட எனக்கு நெருக்கமானது முதல் பகுதியில் வரும் ஓர் இடம். பிறருடைய கருத்துகள் நம் மூளையில் மிதப்பதால் நமக்கு எள்ளளவும் அறிவு கூடிவிடாது, அவை உண்மையாகவே இருந்தாலும்கூட என்கிறார். அந்தக் கடைசிச் சொற்களை இரண்டு முறை படியுங்கள்.

நான்காம் பகுதியில் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசர் கதை வருகிறது. ஹாலந்துத் தூதர் தன் நாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருகிறார். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் தண்ணீர் இறுகிவிடும், ஆட்கள் மேலே நடப்பார்கள், யானை இருந்தால் அதையும் தாங்கும் என்கிறார். அரசர் சொன்னாராம்: இதுவரை நீர் சொன்ன விசித்திரங்களையெல்லாம் நம்பினேன், நீர் நிதானமான, நேர்மையான ஆள் என்று நினைத்ததால். இப்போது நீர் பொய் சொல்கிறீர் என்பது நிச்சயமாகிவிட்டது. (இதே நூலில் யானை இன்னொரு இடத்திலும் வருகிறது. உலகை யானை தாங்குகிறது, யானையை ஆமை தாங்குகிறது, ஆமையைத் தாங்குவது ஏதோ ஒன்று என்கிற இந்தியர். நம்மவர்களுக்கு அங்கே கோபம் வரும். லாக் அங்கே கேலி செய்வது, பதில் தெரியாதபோதெல்லாம் பொருளின் குணங்களை அடியில் தாங்குவதாகச் சொல்லும் ‘திரவியம்’ என்று ஒரு சொல்லை முட்டுக்கொடுக்கும் ஐரோப்பியத் தத்துவவாதிகளை.)

சயாம் அரசரைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம். ஆச்சி மீன் விற்றவள். விடியற்காலையில் துறையில் ஏலம் எடுத்து, கூடையில் ஐஸ் போட்டு, உள்ளூர்களுக்கு நடந்தே போவாள். ஐஸ் கம்பெனியிலிருந்து பெரிய கட்டிகள் உமி மூடிய சாக்கில் வரும். அதைக் கட்டையால் உடைப்பதுதான் விடுமுறை நாட்களில் என் வேலை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வடக்கே சில நாடுகளில் கடலே உறைந்துவிடும், மனிதர்கள் அதன்மேல் நடப்பார்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்ததை அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஆச்சி சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கைப்பிடி கல் உப்பு எடுத்து வந்தாள். நான் உடைத்து வைத்திருந்த ஒரு துண்டின்மேல் போட்டாள். உப்பு விழுந்த இடமெல்லாம் குழி குழியாகிக் கரைந்து ஓடியது. “உப்பு பட்டால் ஐஸ் நிற்காது. கடல் முழுக்க உப்பு. அது எப்படி உறையும்?” என்றாள். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றேன். “எழுதியவன் போய்ப் பார்த்தானா?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

நான் சொன்னதுதான் சரி. ஆனால் எனக்கு எதுவும் தெரியாது. என் தலையில் ஒரு வரி மிதந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆச்சி சொன்னது தவறு. அவளிடம் உப்பு இருந்தது, ஐஸ் இருந்தது, முப்பது வருடத் தொழில் இருந்தது. லாக் யார் பக்கம் நின்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொந்த அனுபவத்தோடு ஒத்துப்போகிறதா, சாட்சி சொல்பவர் எப்படிப்பட்டவர் என்ற இரண்டையும் எடைபோட்டுத்தான் நம்ப வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. ஆச்சி இரண்டையும் செய்தாள்.

அரசியல் இங்கேதான் பிறக்கிறது. கடவுள் ஆதாமுக்கு உலகாளும் அதிகாரம் கொடுத்தார், அது வழிவழியாக மன்னர்களுக்கு வந்தது என்று ராபர்ட் ஃபில்மர் எழுதிவைத்திருந்தார். சிட்னியின் தலையை வாங்கிய கையெழுத்துப் பிரதியும் இவருக்கு எழுதிய மறுப்புதான். லாக் அரசு பற்றிய நூலின் முதல் பாகம் முழுவதையும் செலவழித்துக் கேட்பது ஆச்சியின் கேள்வியைத்தான். ஆதாமுக்கு எப்போது கொடுத்தார்? பத்திரம் எங்கே? இன்று ஆதாமின் மூத்த வாரிசு யார் என்று யாருக்குத் தெரியும்? மதச் சகிப்பு பற்றிய கடிதத்திலும் அதே பிடி. சொர்க்கத்துக்கு வழி எது என்பதில் அரசனுக்கு என்னைவிட அதிகமாக ஒன்றும் தெரிந்துவிடாது, பின் எதற்கு அவன் பின்னால் போக வேண்டும்? நமக்கு மேலே நின்று நமக்காகப் பார்க்கும் கண் யாருக்கும் இல்லை என்றால், சம்மதம் கேட்காமல் ஆள்வதற்கு எவனுக்கு உரிமை வரும்? அதே கடிதத்தில் நாத்திகர்களுக்கு இடமில்லை என்றும் எழுதினார், அங்கே சறுக்கிவிட்டார்.

போலியா என்று கேட்டீர்கள். ஆப்பிரிக்கக் கரையில் கப்பலில் ஏற்றப்பட்டவர்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று அவர் போய்ப் பார்க்கவில்லை. குற்றச்சாட்டை அவர் நூலிலிருந்தே எழுதலாம், காணொளி தேவையில்லை. அறிவு பற்றிய நூலின் நான்காம் பகுதி, பதினைந்தாம் அத்தியாயம். சிறியதுதான், முதலில் அதைப் படியுங்கள். பிறகு திட்டிக் கடிதம் போடுங்கள், பதில் எழுதுகிறேன்.

ஆச்சி இறந்து பல வருடம் கழித்து, ஒரு பிப்ரவரியில் ஹெல்சிங்கியில் உறைந்த கடல்மேல் நடந்தேன். கையுறையைக் கழற்றி ஒரு துண்டை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. பால்டிக்கில் உப்பு குறைவு என்பது ஒரு பக்கம். கடல் நீர் உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிட்டுத்தான் உறைகிறது என்று உடன் வந்த நண்பர் சொன்னார். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன். ஆச்சியிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.