சிஸ்டம் அட்மின் பொறுப்புகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு ஒரு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்திருக்கிறது. பழுதான கணினிகளைச் சரிசெய்வதுதான் அந்த வேலை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையில் அவளுடைய பொறுப்பு என்ன?

பதில்: பழுது பார்ப்பது அந்த வேலையில் ஒரு சிறு பகுதிதான், பெரிய நிறுவனங்களில் அதற்கென்று தனிப் பிரிவே இருக்கும். சர்வர்கள் (நிறுவனத்தின் மற்ற கணினிகளுக்குச் சேவை தரும் மையக் கணினிகள்), அவற்றில் இயங்கும் மென்பொருள்கள், ஊழியர்களின் அக்கவுண்ட்டுகள் ஆகியவை தடையில்லாமலும் பாதுகாப்பாகவும் இயங்கும்படி பார்த்துக்கொள்வதே முதன்மைப் பொறுப்பு. புதிதாகச் சேருபவருக்கு அவருடைய பணிக்குத் தேவையான அனுமதிகளை மட்டும் கொடுப்பதும், ஒருவர் விலகினால் அன்றைக்கே அவருடைய அக்கவுண்ட்டை முடக்குவதும் இதில் அடங்கும். சர்வரில் நடப்பவற்றைப் பதிவு செய்யும் லாக் கோப்புகள் கவனிப்பாரின்றி வளர்ந்து டிஸ்க் முழுவதும் நிரம்பிவிட்டால், தரவுகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் எழுத இடமின்றி நின்றுபோகும்; அதனால் டிஸ்க் 80 சதவீதம் நிரம்பும்போதே எச்சரிக்கை வரும்படி அமைத்து வைப்பார்கள். தான் விடுப்பில் இருக்கும்போதும் மற்றொருவர் வேலையைத் தொடரும்படி, ஒவ்வொரு சர்வரின் அமைப்பையும் எழுதி வைப்பதையும் உங்கள் மகள் முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் தினமும் இரவு தானாகவே பேக்கப் (தரவுகளின் நகல்) எடுக்கப்படுகிறது. இதற்கு மேலும் அட்மின் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. என்னைக் கேட்டால், அவருடைய கடமைகளிலேயே முக்கியமானது அதுதான் என்பேன். எடுத்த பேக்கப்பிலிருந்து தரவுகளை உண்மையிலேயே மீட்டெடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது செய்து பார்க்க வேண்டும்.

மென்பொருள் உருவாக்குவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். முதன்மைச் சர்வரின் நகலாக இயங்கும் இரண்டாம் நிலை டேட்டாபேஸ் சர்வரில் இருந்த கோப்புகளை நீக்க நினைத்த பொறியாளர் ஒருவர், இரவு நேரத்தில், முதன்மைச் சர்வரில் இருக்கிறோம் என்பதைக் கவனிக்காமல் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி அளவுக்கே மிஞ்சியது. பேக்கப்பைத் தேடியபோதுதான், டேட்டாபேஸின் பதிப்பும் பேக்கப் கருவியின் பதிப்பும் பொருந்தாததால் அது தோல்வியடைந்து வந்தது தெரிந்தது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் சர்வரால் நிராகரிக்கப்பட்டு, யாரையும் சென்றடையவில்லை. விபத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு சோதனைக்காகக் கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துத் தரவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. நடந்த அனைத்தையும் அந்த நிறுவனம் மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. அதனால்தான் நாமும் இன்று அதிலிருந்து கற்றுக்கொள்ள முடிகிறது.

ஆகவே, பேக்கப் முடிந்தது என்ற பச்சை அடையாளத்தை நம்பி உங்கள் அட்மின் இருந்துவிடக் கூடாது. மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு தனிச் சர்வரில் முழுத் தரவையும் மீட்டெடுத்து, கடைசிப் பதிவு எந்த நேரத்தது என்று பார்த்து, மீட்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் குறித்து வைப்பது நல்லது. மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு ஊடகங்கள், அவற்றுள் ஒரு நகலாவது வேறோர் இடத்தில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு போகாதபடி ரெய்டு முறையில் டிஸ்க்குகளை இணைத்து வைப்பது பேக்கப் ஆகாது; தவறுதலாக அழித்த கோப்பு எல்லா டிஸ்க்குகளிலும் அதே கணத்தில் அழிந்துவிடும்.

கேள்வி: அப்டேட் வந்தவுடன் எல்லாக் கணினிகளிலும் போட்டுவிடலாமா, சில காலம் பொறுத்திருப்பது நல்லதா?

பதில்: இரண்டிலுமே ஆபத்து இருக்கிறது. 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வானாக்ரை என்னும் பிணைத்தொகை மென்பொருள் பல நாடுகளில் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளையும் முடக்கியது. அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இதற்கு நேர்மாறாக, 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு மென்பொருள் தயாரிக்கும் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அப்டேட்டாக அனுப்பிய பிழையான ஒரு கோப்பால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. எனவே முதலில் சில கணினிகளில் மட்டும் போட்டுப் பார்த்து, சிக்கல் இல்லையென்றால் சில நாட்களுக்குள் மற்றவற்றிலும் போட்டு முடிப்பதே முறை.

கேள்வி: அட்மின் நினைத்தால் என் அலுவலக மின்னஞ்சலைப் படிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலான அமைப்புகளில் தொழில்நுட்ப அளவில் முடியும். முறையான அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் படிக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் நெறி. அதை அவருடைய மனசாட்சிக்கு மட்டும் விட்டுவிடாமல், அன்றாட வேலைக்குச் சாதாரண அக்கவுண்ட், நிர்வாக வேலைக்கு மட்டும் தனி அக்கவுண்ட் என்று பிரித்து, அதில் செய்யப்படும் ஒவ்வொன்றும் அவரால் அழிக்க முடியாத வேறொரு சர்வரில் பதிவாகும்படி நிறுவனம் அமைக்க வேண்டும். நேர்மையான அட்மினுக்கும் அந்தப் பதிவே பாதுகாப்பு.