இரவுக் காவலுக்குப் போகும் நாய்க்குச் சோறு எப்போது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாயின் இரவுச் சாப்பாட்டைப் பற்றியவை. மழை முடிந்து கிடை போடும் காலம், அதாவது இரவில் ஆடுகளை வயலில் அடைத்துவைக்கும் காலம், வந்துவிட்டதால் இருக்கலாம். ஒரே கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: எங்கள் கிடையில் இரண்டு சிப்பிப்பாறை நாய்கள். இரவுக் காவலுக்கு முன் எத்தனை மணிக்குச் சோறு வைப்பது? (சாத்தூர் பக்கத்திலிருந்து)

ப: மாலை ஐந்து மணிக்குள் கால் பங்கு. மீதி முக்கால் பங்கு விடிந்தபின், மூச்சிரைப்பு முழுதாக அடங்கிய பிறகு. வயிறு நிறையத் தின்ற சோறு இரைப்பையை விட்டு இறங்க ஆறு, எட்டு மணி நேரம் ஆகும். கிடை நாய் இரவில் பெரும்பாலும் படுத்துத்தான் இருக்கும், ஓட்டம் எங்கே என்று கேட்பீர்கள். நரியோ தெருநாய்க் கூட்டமோ நேரம் சொல்லிவிட்டு வராது. வந்த நொடியில் நாய் எழுந்து நாலு கால் பாய்ச்சலில் போகும். அந்த நொடிக்காகத்தான் வயிறு இலேசாக இருக்க வேண்டும் என்கிறேன்.

கே: பகல் முழுக்கப் பட்டினி போட்டால்தான் நாய் இரவில் சீறும் என்று எங்கள் பெரியப்பா சொல்கிறார். சரியா? (விளாத்திகுளம்)

ப: தவறு. முப்பது வருடமாக இதே பதிலைச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

பசித்த நாய்க்கு வருவது சீற்றம் அல்ல, எரிச்சல். அது ஆட்டைக் காக்காது; குப்பைமேட்டைத் தேடிப் போகும், அல்லது திருடன் வீசும் கறித்துண்டுக்கு வாலாட்டும். விழிப்பு என்பது குட்டியிலிருந்து ஆட்டோடு வளர்ந்த பழக்கம். பானையைக் காலியாக வைத்து அதை வரவழைக்க முடியாது.

பெரிய கேடு அதற்குப் பிறகு வருகிறது. பகலெல்லாம் காயப் போட்டவர் இரவு ஒன்பது மணிக்கு இரக்கப்பட்டுச் சட்டி நிறைய வைப்பார். நாய் மெல்லாது, சோற்றோடு காற்றையும் சேர்த்து விழுங்கும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் நெஞ்சு ஆழமான நாய்கள். அந்தக் கூட்டுக்குள் நிறைந்து தொங்கும் இரைப்பை வாயுவால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் உள்ளே போன எதுவும் வெளியே வராது, இரத்த ஓட்டமும் அடைபடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கன்னி நாயைச் சாக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முந்தின இரவு கல்யாண வீட்டு மிச்சச் சோறு. பதினோரு மணிக்குத் தெருநாய்களை விரட்டி ஓட்டம். ஒரு மணியிலிருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓங்கரித்திருக்கிறது. வந்ததெல்லாம் வெள்ளை நுரைதான். விலாவில் விரலால் சுண்டினேன், தவில் மாதிரிச் சத்தம். ஈறு சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் இருந்த மருந்தகத்தில் அறுவைக்கு வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு செய்வதற்குள் முடிந்துவிட்டது. "ராத்திரி நல்லாத்தானே சாப்பிட்டுச்சு" என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆகவே: வாந்தி வராத ஓங்கரிப்பு, உப்பிய வயிறு, நிலைகொள்ளாத நடை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓமத் தண்ணீர், பெருங்காயம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறுவை செய்யக்கூடிய இடத்துக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பெரியப்பாவிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

கே: என் நாய் சாப்பிட மாட்டேன் என்கிறது. என்ன செய்ய? (ஊர் எழுதவில்லை)

ப: என்ன வயது, என்ன எடை, காய்ச்சல் உண்டா, எத்தனை நாளாக? ஒன்றும் இல்லை. நான் ஜோசியர் அல்ல. நாயைப் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: கம்பங்கூழும் மோரும் மட்டும் கொடுக்கிறோம். போதுமா?

ப: உயிரோடு இருக்கப் போதும், வேலை செய்யப் போதாது. இருபது கிலோ நாய்க்கு விடியற்காலைச் சாப்பாட்டில் இரண்டு முட்டையாவது, அல்லது வேகவைத்த ஆட்டுக் குடலாவது சேருங்கள். நெத்திலிக் கருவாடு மலிவு. உப்புப் போக ஊறவைத்து அலசிய பிறகு போடுங்கள். சாம்பார் சோறு வேண்டாம், அதிலிருக்கும் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

கே: ஆடு அறுத்தால் குடல், ஈரலைப் பச்சையாகவே நாய்க்குப் போட்டுவிடுகிறோம். பரம்பரையாக இப்படித்தான்.

ப: பரம்பரையாக நாடாப்புழுவும் வந்திருக்கும். ஈரலிலும் நுரையீரலிலும் தண்ணீர் நிறைந்த வெள்ளைக் கட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தின்ற நாயின் குடலில் மிகச் சிறிய நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் மலத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழுந்து ஆட்டுக்குத் திரும்பும். நாயைத் தடவிய கையோடு சாப்பிடும் உங்கள் பிள்ளைக்கும் போகும். ஈரலில் கட்டி வந்து மனிதர்கள் அறுவைக்குப் போவது இப்படித்தான். வேகவைத்துப் போடுங்கள். கட்டி உள்ளதை ஆழமாகப் புதையுங்கள். நாய்க்குப் பிராசிகுவாண்டெல் சேர்ந்த புழு மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுங்கள். வேகவைத்து என்பதை மறுபடியும் எழுதுகிறேன்: வேகவைத்து.

கே: இரவில் முயல் வேட்டைக்குப் போகும் முன் என்ன கொடுத்தால் வேகம் கூடும்?

ப: முயலைப் பிடிப்பது மட்டுமல்ல, நாயை விட்டுத் துரத்துவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடுத்த கடிதம்.

கே: அமெரிக்காவில் ஒஹையோவில் வேலை செய்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் உரிமம் வாங்கி நாய்களோடு இரவில் ரக்கூன் (மரம் ஏறும் ஒரு சிறு காட்டு விலங்கு) வேட்டைக்குப் போகிறார். நானும் உடன் போவதுண்டு. கிளம்பும் முன் நாய்க்கு ஒன்றும் வைப்பதில்லை. இது கொடுமை இல்லையா?

ப: இல்லை. அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அந்த நாய் மோப்பம் பிடித்து ஓடி, ரக்கூனை மரத்தில் ஏற்றிவிட்டு அடியில் நின்று குரைக்க வேண்டும். போட்டி என்றால் ஒரு சுற்றே இரண்டு மணி நேரம் வரை போகும். அத்தனை நேரமும் அதை ஓட்டுவது பெரும்பாலும் கொழுப்பு, முந்தின நாட்களில் தின்று உடலில் சேர்த்த கொழுப்பு. விளாத்திகுளத்துப் பட்டினியோடு இதைக் குழப்பாதீர்கள். இவர் ஒரு வேளையைத் தள்ளிவைக்கிறார், குறைக்கவில்லை. திரும்பி வந்தபின் வயிறு நிறைய வைக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். அங்கத்திய குளிரில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தேவைப்படும்.

கே: கிளம்பும் முன் வெல்லத் தண்ணீர் கொடுக்கலாமா?

ப: வேண்டாம். முன்கூட்டிக் கொடுத்த சர்க்கரை இன்சுலினைத் தூண்டிவிடும். பாதி வழியில் நாய் தொய்ந்துவிடும். ஓடி முடித்த அரை மணிக்குள் கொஞ்சம் கஞ்சி கொடுத்தால் தசைக்கு நல்லது. நடுவில் நாய் தள்ளாடினால், நடுங்கினால், தேனையோ கெட்டியான சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவுங்கள். வேட்டை நாய்களுக்கு இரத்தச் சர்க்கரை இறங்குவது உண்டு.

கே: குனிந்து சாப்பிட்டால் வயிற்றுக்குள் காற்று போகும் என்று உயரமான ஸ்டாண்டில் தட்டு வைக்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

ப: காசு மிச்சம். பெரிய நாய்களை வைத்து அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் பார்த்ததில், உயரத்தில் வைத்துத் தின்ற நாய்களுக்குத்தான் முறுக்கல் அதிகம் வந்தது. தரையிலேயே வையுங்கள். அவசரமாக விழுங்குகிற நாய் என்றால் சட்டியின் நடுவில் வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிய கூழாங்கல் ஒன்றைப் போடுங்கள். சுற்றிச் சுற்றி நக்கித் தின்னும்.

கே: ஓடி வந்ததும் தண்ணீர் கொடுக்கக் கூடாதாமே?

ப: கொடுக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு வாளி அல்ல. ஒரு கொட்டாங்கச்சி, ஐந்து நிமிடம், இன்னொரு கொட்டாங்கச்சி.