ஒன்பதோடு நின்றுபோகும் வாய்ப்பாடு

வணக்கம் அண்ணா,

மல்லாவிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுத்திருக்கிறேன். சாதாரண தரத்தில் பாஸ்கல் என்ற நிரல்மொழி படித்தோம், இப்போது பைதன். ஏழாம் வாய்ப்பாட்டை அச்சிட ‘ஃபோர் ஐ இன் ரேஞ்ச்(1, 10)’ என்று எழுதினால் 63 உடன் நின்றுவிடுகிறது. 11 போட்டால் சரிவரும் என்கிறார்கள், ஏன் என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. அதையே வைல் லூப் (நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடுவது) போட்டு எழுதினால் 7, 7, 7 என்று திரை நிறைய ஓடுகிறது. பயந்து கணினியையே நிறுத்திவிட்டேன். செய்நிரலை இணைத்திருக்கிறேன்.

– ஒரு மாணவி

அன்புத் தங்கைக்கு,

செய்நிரலைப் பார்த்தேன். நீங்கள் எழுதுவது பைதன், நினைப்பது இன்னும் பாஸ்கல். இரண்டு சிக்கலும் அங்கேதான்.

பாஸ்கலில் ‘1 டு 10’ என்றால் 10உம் சேர்த்தி. பைதனின் ரேஞ்ச் தொடக்க எண்ணை எடுக்கும், முடிவு எண்ணைத் தொடாது. முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் ஆதாயம் உண்டு. ரேஞ்ச்(1, 11) எத்தனை தரம் ஓடும்? 11இல் 1ஐக் கழியுங்கள், 10. ரேஞ்ச்(0, 5), ரேஞ்ச்(5, 10) இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால் எந்த எண்ணும் விடுபடாது, எதுவும் இரண்டு தரம் வராது. ஐந்து உறுப்புள்ள லிஸ்ட்டின் சுட்டிகள் (உறுப்புகளின் இட எண்கள்) 0 முதல் 4 வரை என்பதால் ரேஞ்ச்(5) அப்படியே பொருந்தும். கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் இந்த முறைக்காக வாதாடி ஒரு சிறு குறிப்பே எழுதியிருக்கிறார்.

வைலுக்கு வருவோம். உங்கள் ‘ஐ = ஐ + 1’ வரி இடது ஓரத்தோடு ஒட்டி நிற்கிறது. பாஸ்கலில் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் பிகினுக்கும் எண்டுக்கும் நடுவே இருந்தால் போதும், வரி எந்த இடத்தில் தொடங்கினாலும் கவலையில்லை. பைதனில் உள்ளே தள்ளி எழுதுவதுதான் பிகினும் எண்டும். ஓரத்து வரி லூப்புக்கு வெளியே போய்விட்டது, ஐயின் பெறுமானம் கூடவே இல்லை, நிபந்தனை எப்படிப் பொய்யாகும்? (கணினியை நிறுத்தவேண்டாம். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சி எழுத்தை அழுத்துங்கள், நிற்கும்.)

பத்துத் தரம் என்று தெரிந்த வாய்ப்பாட்டுக்கு வைல் வீண் வேலை. வைலுக்கான கணக்கு வேறு. காலபோக அறுவடை முடிந்து மில்லுக்கு நெல் மூடைகள் வருகின்றன. ஒவ்வொன்றின் நிறையையும் உள்ளிட்டு மொத்தம் காணவேண்டும். எத்தனை மூடை என்று முன்கூட்டித் தெரியாது, 0 அடித்தால் முடிந்தது. இதை எழுதிப் பாருங்கள். ஓட்டுவதற்கு முன் தாளில் நிறை, மொத்தம் என்று இரண்டு பத்தி கீறி, ஒவ்வொரு சுற்றுக்கும் பெறுமானத்தைக் கையால் நிரப்புங்கள். பரீட்சையில் வெளியீடு என்ன என்று கேட்கும்போது பக்கத்தில் கணினி இராது.

அது சரிவந்தால் மூடைகளை எண்ணிச் சராசரி நிறையையும் சேருங்கள். முதல் எண்ணே 0 என்று ஒருவர் அடித்துவிட்டால் என்ன நடக்கும்? கண்டுபிடித்து எழுதுங்கள்.