நாலு மணி மிக்சரும் மதியச் சாம்பாரும்

வணக்கம் மேடம்.

வயது 41, எடை 74 கிலோ. சர்க்கரை, தைராய்டு எதுவும் இல்லை. ஐந்து வாரம் 'டயட்' இருந்து 3 கிலோ குறைத்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் 4 கிலோ ஏறிவிட்டது. காலையில் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி. மதியம் ஒரு கப் சாதம், சாம்பார், எண்ணெய் ஊற்றாத பொரியல். கொழுப்பு என்று தயிரை விட்டுவிட்டேன். இரவு பப்பாளி மட்டும். மூன்று வேளைக் காபிக்கு வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் சாயங்காலம் நாலு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறந்தால் மூட முடியவில்லை. ராத்திரி 11 மணிக்கு எல்லோரும் தூங்கிய பிறகு பிள்ளைகளின் பிஸ்கட்டை அடுக்களையில் நின்றபடியே சாப்பிடுகிறேன். மறுநாள் என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. எனக்கு மன உறுதி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தனியாகச் சமைப்பதிலும் அலுத்துவிட்டது. நாக்கை எப்படிக் கட்டுவது?

— ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

நாக்கைக் கட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்து, நீங்கள் சாப்பிடுவதை ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். 30 கிராம் ஓட்ஸும் கொஞ்சம் பாலும் 180 கலோரி. ஒரு கப் சாதம் 195. சாம்பாரும் பொரியலும் சேர்ந்து 140. பப்பாளி 70. காபிப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் 230. மொத்தம் 800 கலோரியை ஒட்டித்தான் வருகிறது. உங்கள் வயதுக்கும் எடைக்கும், படுத்தே கிடந்தாலும் உடம்பு 1300 கலோரிக்கு மேல் செலவழிக்கும். அடுப்படி, மாடிப்படி, கடைத்தெரு எல்லாம் சேர்ந்தால் 1800ஐத் தாண்டும். பாதிக்கும் குறைவாகக் கொடுத்தால் மீதியை உடம்பு கேட்கத்தான் செய்யும். அது கேட்கிற நேரம்தான் உங்கள் நாலு மணியும் பதினோரு மணியும்.

மன உறுதி பற்றி உங்கள் வீட்டில் சொல்கிறவர்களுக்காக ஒரு விஷயம். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் உணவைக் குறைத்துக் கொடுத்தார். நாளுக்குச் சுமார் 1570 கலோரி. அவர்கள் ஆண்கள், வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடந்தவர்கள், அதனால் உங்களோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் அவர்களுக்கு நடந்ததைப் பாருங்கள். சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிப் படித்தார்கள். கட்டுப்பாடு முடிந்த பிறகும், வயிறு நிரம்பியும் நிறுத்த முடியாமல் பலர் சாப்பிட்டார்கள். தேர்ந்தெடுத்து எடுக்கப்பட்ட உறுதியான மனிதர்கள் அவர்கள். நீங்கள் அதில் பாதி கலோரியில் ஐந்து வாரம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள்.

சரி, என்ன செய்வது? கலோரியைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் சாம்பார். நெல்லைப் பக்கத்துச் சாம்பாரைக் குறை சொல்லவில்லை. அதில் போகும் பருப்பைப் பற்றிச் சொல்கிறேன். நாலு பேர் உள்ள வீட்டில் பெரும்பாலும் 100 கிராம் துவரம்பருப்புதான் வேகும். அந்தச் சாம்பாரே மதியச் சாதத்துக்கும் ராத்திரித் தோசைக்கும் வரவேண்டும். 100 கிராம் பருப்பில் 22 கிராம் புரதம். மதியம் நாலு பங்கு, இரவு மூன்று பங்கு என்று ஏழாகப் பிரித்தால் உங்கள் தட்டுக்கு வருவது 3 கிராம். 'பருப்பு சாப்பிடுகிறோமே, புரதம் இருக்கிறதே' என்று நாம் நம்புவது இந்த 3 கிராமைத்தான். ஓட்ஸ், சாதம், பால் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் உங்கள் ஒரு நாள் கணக்கு 24 கிராமைத் தாண்டாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அளவு, கிலோ எடைக்கு 0.83 கிராம். 74 கிலோவுக்கு 61 கிராம். வயிற்றில் நின்று பசியைத் தள்ளிப்போடுவது புரதமும் நாரும்தான். சாதமும் நீர்த்த சாம்பாரும் இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடும். ஒரு மணிக்குச் சாப்பிட்டால் மூன்றரைக்கு வாய் நமநமவென்று தொடங்கி, நாலு மணிக்கு டப்பா திறக்கும்.

ஆகவே மதியச் சாம்பாருக்கு 160 கிராம் பருப்பு போடுங்கள், ஆளுக்கு 40 கிராம். அதை இரவுக்கு இழுக்காதீர்கள். ராத்திரித் தோசைக்குப் பொட்டுக்கடலைச் சட்னி போதும். பருப்பைக் கூட்டினால் இரண்டு தவறுகள் நடக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பழைய அளவுப் புளியும் பொடியும் போட்டால் சாம்பார் மந்தமாகி, பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். புளியைக் கால் பங்கும் சாம்பார்ப் பொடியை அரைக் கரண்டியும் கூட்டுங்கள். உப்பை மட்டும் ருசி பார்த்த பிறகு கூட்டுங்கள். இரண்டாவது, ஆற ஆறக் கெட்டியாகும். உடனே ஒரு சொம்பு வெந்நீர் விட்டு விளாவினால் சட்டி நிறையும், உங்கள் கரண்டிக்கு வருவது பழையபடி தண்ணீர்தான். கனமாக இருக்கிறது என்று தோன்றினால் பாதி துவரை, பாதி பாசிப்பருப்பு போட்டுப் பாருங்கள், லேசாக இருக்கும். காய் அரைக் கிலோவாவது இருக்கட்டும். முருங்கை, பூசணி, கத்தரி, எதுவானாலும்.

எண்ணெய்க்கு வருகிறேன். 'எண்ணெய் ஊற்றாத பொரியல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்திவிடுங்கள். சூடான எண்ணெயில் போட்டால் கடுகு நன்றாக வெடிக்கும். மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் மூன்றின் வாசனையும் எண்ணெயில்தான் இறங்கும். எண்ணெய் இல்லாமல் வெந்த பீன்ஸ் ஆஸ்பத்திரிச் சாப்பாடாக இருக்கும். மதியம் ருசியில்லாமல் எழுந்தவர் சாயங்காலம் ருசி தேடுவார். நாலு பேருக்கான 400 கிராம் காய்க்கு 2 டீஸ்பூன், அதாவது 10 மில்லி எண்ணெய் தாராளம். ஆளுக்கு 20 கலோரிதான் வரும். அந்த 10 மில்லியை அகலமான வாணலியில் ஊற்றினால் படர்ந்து, புகைந்து, கடுகு கருகும். போதவில்லை என்று மறுபடி ஊற்றுவோம். சின்ன இரும்புத் தாளிப்புக் கரண்டியில் ஊற்றினால் நடுவில் தேங்கி நிற்கும். கடுகு வெடித்து, உளுந்து சிவந்து, மிளகாயும் கறிவேப்பிலையும் பொரிய அது போதும். பீன்ஸையும் கோஸையும் இட்லிப் பானையில் 6-7 நிமிடம் ஆவியில் வேகவைத்து, தாளிப்பைக் கடைசியில் கொட்டிப் புரட்டுங்கள். 20 கிராம் தேங்காய்த் துருவலை அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். அந்த அளவிலேயே மணக்கும்.

வெண்டைக்காய்தான் எண்ணெய் குடிக்கும் என்று பலரும் பயப்படுகிறார்கள். கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். இரும்பு வாணலி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெயும் உப்பும் இல்லாமல் காயைப் பரப்பி, நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் புரட்டி, ஐந்தாறு நிமிடம் வதக்குங்கள். நூல் நூலாக வரும் கொழகொழப்பு சூட்டில் வற்றி, ஓரம் லேசாகச் சிவக்கும். அதற்குப் பிறகு 2 டீஸ்பூன் எண்ணெய், பொடி, கடைசியில் உப்பு. முதலிலேயே உப்புப் போட்டால் காய் தண்ணீர் விடும். மூடி போட்டால் ஆவி உள்ளேயே நின்று கொழகொழக்கும். இரண்டில் எது நடந்தாலும் சட்டியில் ஒட்டும், ஒட்டினால் கை எண்ணெய்ப் பாட்டிலுக்குப் போகும். கத்தரிக்காய் பஞ்சு மாதிரி. வதக்குவதற்கு முன் 4 நிமிடம் ஆவியில் வைத்தால் அதற்குள் இருக்கும் காற்றறைகள் அமுங்கி, எண்ணெயை உறிஞ்சுவது பெரிதும் குறையும்.

வீட்டு எண்ணெயைக் கரண்டியில் அளந்தால் ஏமாறுவோம். மளிகைச் சீட்டில் பாருங்கள். நாலு பேருக்கு மாதம் 4 லிட்டர் வாங்கினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, கிட்டத்தட்ட 270 கலோரி. அதை இரண்டரை லிட்டராக்கினால் ஆளுக்கு 100 கலோரி குறையும், யாருக்கும் தனிச் சமையல் தேவைப்படாது. தனிச் சமையலை இன்றோடு விடுங்கள். ஒரே சாம்பார், ஒரே பொரியல். உங்கள் தட்டில் சாதம் ஒரு கப், பிள்ளைகள் தட்டில் இரண்டு.

காலை ஓட்ஸுக்குப் பதில் வாரத்தில் நாலு நாள் அடை. வழக்கமான அடையில் அரிசி அதிகம், பருப்பு குறைவு. அதைத் திருப்புங்கள். ஒரு கப் இட்லி அரிசிக்கு ஒன்றரைக் கப் பருப்பு (கடலை, துவரை, பாசிப்பயறு சமமாக). மூன்று மணி நேரம் ஊறினால் போதும், புளிக்கத் தேவையில்லை. ரவை பதத்தில் அரையுங்கள். நைசாக அரைத்தால் கல்லில் ஒட்டி, நடுவில் மாவாகவே இருக்கும். கல்லில் தட்டி, நடுவில் ஒரு துளை போட்டு, மூடி வைத்து வேகவிடுங்கள். ஒரு அடைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய். இரண்டு அடையில் 10 கிராம் புரதம் வந்துவிடும். மதியம் கெட்டிச் சாம்பார், சாதம், பொரியலோடு ஒரு கிண்ணம் தயிரும் சேர்த்தால் 20 கிராம். சாயங்காலச் சுண்டலில் 8. இரவு இரண்டு முட்டை, ஒரு சப்பாத்தி, ஒரு காய் என்றால் 17-18. முட்டை வேண்டாமென்றால் 25 கிராம் மீல்மேக்கர். காபிப் பாலில் 6. கூட்டிப் பாருங்கள், 61 வந்துவிடும். மொத்தக் கலோரி 1500-1600. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பைக் கூட்டுவதற்கு முன்பும், சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாதத்தைக் குறைப்பதற்கு முன்பும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன்.

சுண்டலை நாலு மணிக்குத் தொடங்கினால் ஆகாது, அதற்குள் மிக்சர் முந்திவிடும். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கறுப்புக் கொண்டைக்கடலையை 8-10 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் ஐந்து விசில் விடுங்கள். வடித்து, நன்றாக ஆறிய பிறகு, மூன்று நாளைக்கு உள்ளதைக் குளிர்ப்பெட்டியிலும் மீதியை ஃப்ரீசரிலும் வையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் இரண்டாம் நாளே வழவழப்பு வந்துவிடும். ஒருவருக்குக் காய்ந்த கணக்கில் 40 கிராம். வெந்ததும் அது குவித்த அரைக் கப்புக்கு மேல் இருக்கும். அரை டீஸ்பூன் எண்ணெயில் தாளித்து, மாங்காயைத் துருவிப் போடுங்கள், அல்லது எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பை வேகும்போது சேர்த்தால் கடலை மெத்தென்று வேகாது, வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

மிக்சரை வீட்டைவிட்டு விரட்டச் சொல்ல மாட்டேன். விரட்டினால் பத்து நாள் தாங்கும், பதினோராம் நாள் கால் கிலோப் பொட்டலமாகத் திரும்பி வரும். 100 கிராம் மிக்சரில் 500 கலோரிக்குக் குறையாது. அதனால் அதைச் சாப்பிடுகிற வரிசையை மாற்றுங்கள். முதலில் சுண்டல். பத்து நிமிடம் கழித்தும் வேண்டுமென்று தோன்றினால் ஒரு கப் பொரியில் 25 கிராம் மிக்சர், பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளி, மல்லித்தழை, அரை மூடி எலுமிச்சை. மொத்தம் 200 கலோரி. கிண்ணத்தில் கலந்து, டப்பாவை மூடி மேல் அலமாரியில் வைத்த பிறகு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தக்காளிச் சாறு பட்டதும் ஐந்து நிமிடத்தில் பொரி துவண்டுவிடும், அதனால் முன்கூட்டிக் கலந்து வைக்க வேண்டாம். ஏற்கெனவே நமத்துப்போன பொரி என்றால் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பும்.

நாட்டுச் சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரையும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான், கிராமுக்கு 4. நாட்டுச் சர்க்கரையில் இருக்கிற இரும்புச் சத்து இரண்டு டீஸ்பூனில் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. எது பிடிக்கிறதோ அதைப் போடுங்கள், ஆனால் வாரத்துக்கு அரை டீஸ்பூன் வீதம் குறையுங்கள். டிகாக்ஷனைக் கொஞ்சம் கெட்டியாக இறக்கினால் குறைவது நாக்குக்குத் தெரியாது. இனிப்பு வேண்டுமென்றால் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு கடலை மிட்டாய். வெறும் வயிற்றில் எடுத்தால் ஒன்றோடு நிற்காது.

பதினோரு மணி பிஸ்கட் பப்பாளியின் விளைவு. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு, மேலே சொன்னபடி இருந்தால் பெரும்பாலும் அது தானாகவே விழும். தூக்கம் குறைந்தாலும் பசி கூடும். 11 மணிக்கு அடுக்களையில் நிற்பதே பாதிப் பிரச்சினை. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் பசி அதிகமாக இருப்பதும், உடம்பில் நீர் சேர்ந்து எடைக் கருவியில் ஒரு கிலோ கூடத் தெரிவதும் இயல்பு. அந்த வாரம் இன்னொரு கிண்ணம் சுண்டலோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சேர்த்துக்கொள்ளுங்கள், எடை பார்க்காதீர்கள். நன்றாகச் சாப்பிடத் தொடங்கி இரண்டு மாதம் ஆன பிறகும், யாரும் பார்க்காத நேரத்தில் நிறுத்த முடியாமல் சாப்பிடுவது வாரா வாரம் தொடர்ந்தால், அதற்கு மருத்துவம் இருக்கிறது. மனநல மருத்துவரிடம் தயங்காமல் போங்கள்.

இந்த முறையில் மாதம் ஒன்றேகால் கிலோதான் இறங்கும். ஐந்து வாரத்தில் மூன்று கிலோ பார்த்தவருக்கு இது மெதுவாகத்தான் தோன்றும். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் சாம்பாரின் பருப்பு, மதியத் தயிர், இரவுச் சாப்பாடு, இந்த மூன்றை மட்டும் மாற்றுங்கள். மிக்சர் டப்பா இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நாலு மணிக்குக் கை எத்தனை நாள் அதைத் தேடியது என்று காலண்டரில் குறித்து வைத்து, எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.