காரைக்கால் 100.3: கடலின் இரு கரையிலும் கேட்கும் வானொலி

கேள்வி: எல்லையோரச் சிற்றூரிலிருந்து ஒலிபரப்பாகும் திரைப்பாடல் வானொலி எதையாவது தொடர்ந்து கேட்கிறீர்களா? அருகில் வேறு நிலையங்கள் இருக்கும்போது அதை ஏன் கேட்க வேண்டும்?

கேட்கிறேன். கடலூர் முதுநகரில் என் தையற்கடையின் கதவைத் திறந்ததும் நான் முதலில் போடுவது காரைக்கால் பண்பலை 100.3-ஐத்தான். புதுச்சேரியின் ரெயின்போ 102.8 சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவிலிருந்து கணீரென்று கேட்கிறது. காரைக்காலோ நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருப்பதால், வெறும் கைபேசியில் வைத்தால் இரைச்சலோடுதான் வரும். அதற்காகவே கடையின் மாடியில் நானே ஓர் ஆன்டெனா கட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றும் 71 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அலுமினியக் குழாய்களைக் கிழக்கு மேற்காகப் படுக்கவைத்து, நடுவிலிருந்து கேபிள் டி.வி. கம்பியைக் கீழே இறக்கியிருக்கிறேன். கடற்காற்றில் செப்புக் கம்பியின் முனை பச்சை பூத்துவிடும் என்பதால், மாதம் ஒருமுறை ஏறி உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வர வேண்டும். தேய்த்த அன்று பாட்டில் தபேலாவின் கும்கி (இடது கை எழுப்பும் வளைந்த ஒலி) தனியாகக் காதில் விழும்.

காரைக்காலுக்கு வடக்கே நாங்கள் 90 கிலோமீட்டரில் இருக்கிறோம் என்றால், தெற்கே யாழ்ப்பாணக் குடாநாட்டின் பருத்தித்துறை ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் இருக்கிறது. 1974-லும் 1976-லும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலில் எல்லைக்கோடு வகுக்கப்பட்டது. அந்தக் கோட்டைத் தாண்டிய மீனவர்கள் படகையும் வலையையும் இழந்து நிற்பதை எங்கள் கரையோரத்தில் எல்லோரும் அறிவோம். பாட்டுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது என்பதால் நிலத்தில் கட்டடமும் மேடும் அதை மறிக்கும். கடலின் மேல் மறிப்பதற்கு எதுவும் இல்லை. அதிலும் மாசி முதல் சித்திரை வரை, நீர்ப்பரப்பை ஒட்டி ஈரக்காற்றும் அதற்கு மேலே சூடான உலர்ந்த காற்றும் படுக்கையாக நிற்கும் மாலை வேளைகளில், வானொலி அலை நீர்ப்பரப்புக்கும் அந்தச் சூடான காற்றுக்கும் இடையே அகப்பட்டு, பூமியின் வளைவையும் கடந்து வெகுதூரம் போய்விடும். அப்படிப்பட்ட மாலைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று வானொலியைத் திருப்பினால், இலங்கையின் தமிழ் நிலையங்களும் நம் நிலையங்களுக்கு நடுவே வந்து விழும்.

முன்பு இந்தப் போக்குவரத்து எதிர்த்திசையில்தான் நடந்தது. 1952-க்குப் பிறகு, மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமல் செய்தபோது, நம் மக்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். அகில இந்திய வானொலியே திரைப்பாடல்களுக்காகத் தொடங்கிய விவித பாரதி 1957-இல் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. என் அம்மா இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டுக்கொண்டேதான் காலையில் இட்லி ஊற்றுவார். அதன் அறிவிப்பாளர்களான மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை எங்கள் தெருவில் வீட்டு மனிதர்களின் குரல்போல அடையாளம் சொல்வார்கள். படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர் என்று ஒன்றையும் விடாமல் திருத்தமான தமிழில் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடும் அந்த மரியாதையை நான் அவர்களிடம்தான் கேட்டு வளர்ந்தேன். பாட்டின் முதலடி முடிவதற்குள் விளம்பரம் புகுந்துவிடும் இந்தக் காலத்தில், அந்த நிதானம் காரைக்காலில் இன்னும் எனக்குக் கேட்கிறது. சிற்றூர் நிலையம் என்று அதை யாரும் குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

என் கடையில் சில ஆண்டுகள் காஜா (பொத்தான் துளை) எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து படகில் வந்து, புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அகதிகள் முகாமில் தங்கியிருந்தவர். 1990-களில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் கிடையாது, பொருளாதாரத் தடையால் பேட்டரியும் கிடையாது. “தம்பி, சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒராள் பெடலைச் சுத்தச் சுத்த, டைனமோ கரண்டிலதான் பாட்டுக் கேட்டனாங்கள். சுத்திற ஆளுக்குக் கை உளைஞ்சா பாட்டும் இழுபடும்” என்று அவர் சொன்னபோது, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய ஆண்டுகளில் தங்கள் வீட்டில் தெளிவாக எடுத்தது காரைக்கால்தான் என்றும் சொன்னார். கடையில் 100.3 பாடத் தொடங்கினால், அடுத்து வரும் பாட்டு எதுவாயினும், அவர் ஊசியை நிறுத்திவிட்டு அறிவிப்பை முழுவதுமாகக் கேட்பார்.

நீங்கள் கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்தால், பொழுது சாய்ந்த பிறகு கடலைப் பார்த்த மாடியில் முயன்று பாருங்கள். ஆன்டெனாவைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். இரைச்சல் அடங்கும் இடத்தில் கட்டிவிடுங்கள்.