ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: தனியார் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். முதல் குழந்தை, இது ஐந்தாம் மாதம். "இப்போது ராஜினாமா செய்யுங்கள், ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார் மேலாளர். மாமியாரும், "குழந்தையை யார் பார்ப்பது? வேலையை விட்டுவிடு" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். என்னிடம் வரும் பெண்கள் காட்டும் ராஜினாமா கடிதங்களில் "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்ற ஒரே வாசகம்தான் இருக்கிறது. தட்டச்சு செய்தது நிறுவனம், கையெழுத்து மட்டும் இவர்களுடையது. போட்டுவிட்டால், வற்புறுத்தினார்கள் என்று நிரூபிப்பது பெரும்பாடு. மறுபடி எடுப்பதாகச் சொன்ன வாய்வார்த்தைக்கு எங்கும் மதிப்பில்லை.

பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை பார்த்திருந்தாலே 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். இந்த 26 வாரமும் 8 வாரமும் 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம். 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இந்த விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு அது பொருந்தும். பிடித்தம் இருந்தால் விடுப்புக் காலப் பணத்தை ஈ.எஸ்.ஐ.யே தருகிறது, நிறுவனத்துக்கு அந்தச் சுமை இல்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஏப்ரலில் 20,500 வாங்கியவருக்கு ஜூலையில் ஊதிய உயர்வு வந்து வரம்பைத் தாண்டினாலும், செப்டம்பர் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். ஜூலையிலேயே நிறுத்தியிருந்தால் உடனே கேளுங்கள். "பணம் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கமிஷன்" என்று வரும் தரகர்களை அண்டவிடாதீர்கள். இதற்கு விண்ணப்பிக்க ஒரு காசும் செலவில்லை, பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும்.

மாமியாரின் கவலை நியாயமானது. அதற்கு விடை நீங்கள் வேலையை விடுவது அல்ல. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளைகள் உண்டு. உங்கள் கடிதம் முழுவதும் தேடினேன், குழந்தையின் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது! மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாட்கள். தனியார் துறை அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. ஸ்வீடனில் தாய்க்கு 90 நாள், தந்தைக்கு 90 நாள் என்று தனித்தனியாக ஒதுக்கி, சமூகக் காப்பீட்டிலிருந்து பணம் தருகிறார்கள். இங்கே ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களின் 26 வாரச் சம்பளம் முழுவதையும் முதலாளி தலையில் கட்டிவிட்டு, அவர் கர்ப்பிணியைக் கண்டால் ஏன் மிரள்கிறார் என்று கேட்டால் எப்படி?

இந்த வாரமே, மருத்துவர் சான்றிதழை இணைத்து, எந்தத் தேதியிலிருந்து விடுப்பு என்று குறிப்பிட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் போகட்டும். மறுத்தால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். நிறுவனத்தில் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.